சாலை அடிமண் வலிமைச் சோதனை: களத்தில் எண் பிசகினால் எங்கே தேடுவது

சாலைத்தளம் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பதை அதன் அடியில் கிடக்கும் மண்தான் முடிவு செய்கிறது. அந்த மண்ணின் வலிமையைக் களத்திலேயே அளக்க நம்மிடம் இருப்பவை சில எளிய கருவிகள்: கூம்பு முனைக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கி, ஒரு அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் டி.சி.பி. எனப்படும் டைனமிக் கோன் பெனட்ரோமீட்டர், உந்துதண்டை மண்ணில் அழுத்தத் தேவைப்படும் சுமையை ஒரு திட்டச் சுமையின் சதவீதமாகச் சொல்லும் களச் சி.பி.ஆர். (கலிபோர்னியா தாங்குவிகிதம்), தட்டின்மேல் சுமை ஏற்றி அமிழ்வை அளக்கும் தட்டுச் சுமைச் சோதனை, எடையை விழவிட்டு அமிழ்வை அளக்கும் எல்.டபிள்யூ.டி. கருவி எளிதாக இருப்பதால் அது தரும் எண்ணும் எளிதில் நம்பப்பட்டுவிடுகிறது.

எண் பிசகாக வரும்போது பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அதை அடித்துவிட்டு அடுத்த புள்ளிக்கு நகர்கிறார்கள், அல்லது சராசரியில் கரைத்துவிடுகிறார்கள். இரண்டையும் நான் ஏற்பதில்லை. காரணம் தெரியாத எண்ணை நீக்க நமக்கு உரிமை கிடையாது. ஒருவேளை அந்த ஒரு புள்ளிதான் சாலை முதலில் உடையப்போகும் இடமாக இருக்கலாம். ஆகவே கீழே உள்ளவை அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழிகள். தேடும் வரிசை எப்போதும் ஒன்றே: முதலில் கருவி, அடுத்து அதைப் பிடித்த கை, பிறகு மண்ணில் இருக்கும் நீர், அதன் பின் அளந்த எண்ணைச் சி.பி.ஆர்.-ஆக மாற்றும் வாய்பாடு. இந்த நான்கிலும் குறை இல்லை என்றால்தான் மண்ணே அப்படிப்பட்டது என்று எழுதலாம்.

கையில் இருக்கும் டி.சி.பி. எந்த வகை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்று பரவலாக இருப்பது 8 கிலோ சுத்தியல், 575 மி.மீ. வீழ்ச்சி, 20 மி.மீ. விட்டமும் 60 பாகைக் கோணமும் கொண்ட கூம்பு, 16 மி.மீ. கம்பி ஆகியவை உள்ள கருவி. அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் டி6951 நெறி விவரிப்பது இதைத்தான். ஆனால் 1956-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்கேலா அறிமுகப்படுத்திய வடிவத்தில் சுத்தியல் 9 கிலோ, வீழ்ச்சி 508 மி.மீ., கூம்பு 30 பாகை. அந்தக் கருவியில் குத்திய எண்ணை இந்தக் கருவிக்கான வாய்பாட்டில் போட்டால் வருவது எந்த மண்ணுக்கும் உரியது அல்ல.

அறிகுறி: சுத்தியல் விழுகிறது, கம்பி இறங்க மறுக்கிறது

ஐந்து அடிகள் அடித்தும் கூம்பு 2 மி.மீ. கூட இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கைப்பிடி செங்குத்திலிருந்து 75 மி.மீ.க்கு மேல் சாய்ந்தாலும் அப்படியே. குறைந்தது 300 மி.மீ. தள்ளி மறுபடி குத்துங்கள். புதிய துளையில் கம்பி இயல்பாக இறங்கினால் முதல் துளையில் தடுத்தது தனிக்கல். இரண்டாவது, மூன்றாவது துளைகளும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நின்றால் அங்கே பாறையோ பழைய சாலையின் ஜல்லி அடுக்கோ சுண்ணக்கட்டி அடுக்கோ இருக்கிறது. அதை அடுக்காகவே பதிவுசெய்ய வேண்டும்.

நின்ற இடத்தில் பிடிவாதமாக அடிப்பதால் மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியவராது, கருவிதான் கெடும். கூம்பின் முனை மழுங்கும், இணைப்பு மரைகள் தளரும். வெளியே எடுக்கும்போதும் கவனம் தேவை. சுத்தியலை மேல்நோக்கி ஓங்கி அடித்துப் பிடுங்கும் பழக்கத்தால் மரைகளும் இணைப்புகளும் இழுபடுகின்றன. ஜாக் வைத்து எடுப்பது நல்லது. இறுகிய மண்ணாக இருந்தால் துளையிலேயே விட்டுவிடக்கூடிய ஒருமுறைக் கூம்பைப் பயன்படுத்தலாம்.

அறிகுறி: முதல் சில அடிகளில் மட்டும் மண் குழைவாகத் தெரிகிறது

கூம்பின் அகன்ற பகுதி தரைமட்டத்துக்கு இறங்கிய பிறகே தொடக்க அளவை எடுக்க வேண்டும். முனை மட்டும் பதிந்த நிலையில் சுழிய அளவு எடுத்தால் முதல் அடியின் ஊடுருவல் பொய்யாகப் பெருகும்.

சுழிய அளவு சரியாக இருந்தும் மேற்பகுதி பலவீனமாகத் தெரிந்தால், மண் பக்கவாட்டில் பிதுங்குகிறது என்று பொருள். மேலே அழுத்திப் பிடிக்க எடை இல்லாதபோது மணலும் கிராவலும் தம் முழு வலிமையைக் காட்டுவதில்லை. களிமண்ணில் சில சென்டிமீட்டர் இறங்கினாலே உண்மையான எண் வந்துவிடும். ஒரே அளவுத் துகள்கள் கொண்ட மணலில் அதற்குக் கால் மீட்டர் ஆழம்கூடத் தேவைப்படலாம். அந்தப் பகுதியின் எண்ணை எடுத்துக்கொண்டு, மேலடுக்கைத் தோண்டி மறுபடி இறுக்கச் சொல்வது வீண்செலவு. மேலடுக்கின் இறுக்கத்தை அறிய வேண்டுமானால் மணல் மாற்று முறையில் (சிறு குழி தோண்டி, அதை நிரப்பும் மணலைக் கொண்டு குழியின் கன அளவை அறிவது) அடர்த்தியை அளந்து பாருங்கள்.

அறிகுறி: ஒரே இடத்தில் இருவர் குத்தினால் இரண்டு எண்கள்

இங்கே மண்ணை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். சுத்தியல் 575 மி.மீ. உயரத்திலிருந்து தானாக விழும்போது ஒரு அடிக்குச் சுமார் 45 ஜூல் ஆற்றல் கிடைக்கிறது. களைத்த கை 50 மி.மீ. குறைவாகத் தூக்கினால் அதில் ஏறக்குறைய 9 சதவீதம் போய்விடும். அடிகள் கூடும், மண் உள்ளதைவிட வலிமையாகத் தெரியும். கையால் தள்ளிவிட்டு அடித்தால் இதற்கு நேர் எதிர். இன்னொன்று எளிதில் கண்ணில் படாது: சுத்தியலை வேகமாகத் தூக்கி மேல் தடுப்பில் மோதவிட்டால் கம்பி முழுவதும் ஒரு நொடி மேலே எழும்பும், கூம்பு தன் இருக்கையை இழக்கும். தூக்கும்போது தடுப்பை மெல்லத் தொட்டு விட வேண்டும், மோதக் கூடாது.

ஒருவர் கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க, ஒருவர் சுத்தியலை இயக்க, மூன்றாமவர் எண்ணிக்கையும் அளவும் எழுதுவதே சரியான ஏற்பாடு. எண்ணுபவரே அடித்தால் எண்ணிக்கை தவறுவது நிச்சயம். வலுவான அடுக்கில் ஐந்து அல்லது பத்து அடிகளுக்கு ஒருமுறை அளவெடுத்தால் போதும். குழைவான மண்ணில் ஒவ்வொரு அடிக்கும் எடுங்கள்.

மென்மையான மண்ணுக்கென்று 4.6 கிலோ சுத்தியல் உண்டு. அதைப் பொருத்திக் குத்தினால் ஒரு அடிக்கான ஊடுருவலை 2-ஆல் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலை மறந்தால் சி.பி.ஆர். இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடித் தெரியும். பலவீனமான மண்ணில் இருந்தே அந்தப் பிழை வருவதால் இதைவிட ஆபத்தான மறதி இந்தச் சோதனையில் இல்லை. எந்தச் சுத்தியல் என்று எழுதும் கட்டம் பதிவுத்தாளின் தலைப்பிலேயே இருக்கட்டும். இரண்டு பேரின் எண்கள் ஏறக்குறைய இரு மடங்கு வேறுபட்டால் முதல் சந்தேகம் அங்கேதான்.

அறிகுறி: களிமண்ணில் ஆழம் போகப் போக வலிமை கூடிக்கொண்டே போகிறது

அடுக்கு மாறினால் வரைபடத்தில் சரிவு ஓரிடத்தில் முறியும். முறிவு எதுவும் இல்லாமல் கோடு மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போனால் கம்பியின் பக்கவாட்டு உராய்வைச் சந்தேகிக்க வேண்டும். கூம்பு 20 மி.மீ., கம்பி 16 மி.மீ. என்று அமைத்திருப்பதே கம்பிக்கும் துளைச் சுவருக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி விடுவதற்காக. ஒட்டும் களிமண் அந்த இடைவெளியை மூடிக்கொண்டு கம்பியைப் பற்றிக்கொள்கிறது. கூம்பு தேய்ந்து 18 மி.மீ.க்கு வந்துவிட்டால் இடைவெளி பாதியாகிவிடும். விட்டம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்த கூம்பை மாற்றச் சொல்வதன் காரணத்தில் இதுவும் ஒன்று. கம்பி சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் உரசும்.

உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. சில அடிகளுக்கு ஒருமுறை கம்பியைக் கையால் திருப்பிப் பாருங்கள்; திருப்பவே முடியாத அளவு பற்றியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு சற்றுத் தள்ளி, சந்தேகமுள்ள ஆழம்வரை மண்துளைப்பானால் துளைத்து, அந்தத் துளையின் அடியிலிருந்து புதிதாக டி.சி.பி. குத்துங்கள். அதே ஆழத்தில் இப்போது ஒரு அடிக்கான ஊடுருவல் தெளிவாகக் கூடியிருந்தால் முன்பு கண்ட வலிமையில் ஒரு பகுதி உராய்வு தந்த பொய். அத்தகைய மண்ணில் இப்படித் துளைத்துத் துளைத்துப் படிப்படியாகக் குத்துவதுதான் நேர்மையான முறை. நேரம் கூடுதலாகும் என்றாலும் வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

அறிகுறி: நடுவே ஒரு மெல்லிய பலவீனப் பட்டை

அடிகளின் கூட்டுத்தொகையை ஒரு அச்சிலும் ஆழத்தை மற்றொன்றிலும் போட்டு வரையுங்கள். பலவீனப் பட்டை வருகிற ஆழம் மண் பரப்பிய அடுக்கின் கனத்தோடு ஒத்துப்போகிறதா? 150 மி.மீ. அடுக்குகளாக இறுக்கிய நிரப்பில் 130 முதல் 150, மறுபடி 280 முதல் 300 என்று பட்டை திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு அடுக்கின் அடிப்பாகத்துக்கும் ரோலரின் வலு போய்ச் சேரவில்லை. அடுக்கைக் கனமாகப் பரப்பியிருப்பார்கள், அல்லது ஈரம் உகந்த அளவுக்குக் குறைவாக இருந்திருக்கும். பட்டை ஒரே ஒரு ஆழத்தில் மட்டும் வந்து, நீளவாக்கில் பல புள்ளிகளிலும் தொடர்ந்தால், வேலை நின்ற இடைவெளியில் மழையில் ஊறிய பரப்பின்மேல் அடுத்த அடுக்கைப் போட்டுவிட்டார்களா என்று பணிப் பதிவேட்டில் தேடுங்கள். மொத்த ஆழத்துக்கும் ஒரே சராசரி எடுத்தால் இந்தப் பட்டை காணாமல் போய்விடும். டி.சி.பி.யின் தனிச்சிறப்பே ஆழவாரியாகக் காட்டுவதுதான். சராசரி எடுத்து அதைக் கெடுக்காதீர்கள்.

அறிகுறி: ஊடுருவல் ஒன்றே, சி.பி.ஆர். மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது

டி.சி.பி. அளப்பது ஒரு அடிக்கு எத்தனை மி.மீ. என்பதை. சி.பி.ஆர். அதிலிருந்து வாய்பாடு வழியாக வருவது. பரவலாகப் புழங்கும் பொது வாய்பாடு இது: ஊடுருவலை 1.12 என்ற அடுக்குக்குறிக்கு உயர்த்தி, அதனால் 292-ஐ வகுக்க வேண்டும். பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வு நிலையமான டி.ஆர்.எல்.-இன் வாய்பாட்டில் சி.பி.ஆர்.-இன் மடக்கை என்பது 2.48-இலிருந்து ஊடுருவலின் மடக்கையை 1.057-ஆல் பெருக்கிக் கழித்தது. ஏ.எஸ்.டி.எம். நெறி, சி.பி.ஆர். 10-க்குக் கீழ் உள்ள குறை நெகிழ்வுக் களிமண்ணுக்கும் மிகை நெகிழ்வுக் களிமண்ணுக்கும் தனித்தனி வாய்பாடுகளைத் தருகிறது.

ஒரு அடிக்கு 40 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பொது வாய்பாடு 4.7 என்கிறது. டி.ஆர்.எல். 6.1 என்கிறது. குறை நெகிழ்வுக் களிமண்ணுக்கான வாய்பாட்டில் 2.2 மட்டுமே. மிகை நெகிழ்வுக் களிமண்ணுக்கானதில் 8.7. ஒரே கம்பி, ஒரே துளை, ஒரே அளவு, விடை நான்கு. சி.பி.ஆர். 5-க்குள் இருக்கும் மண்ணுக்கு மீள்தன்மை மட்டு (சுமை வந்து நீங்கும்போது மண் காட்டும் விறைப்பு) சி.பி.ஆர்.-ஐப் போல் 10 மடங்கு மெகாபாஸ்கல் என்ற எளிய உறவை வைத்தால், முதல் விடைக்கு 47-உம் மூன்றாவதற்கு 22-உம் வரும். சாலைத்தளத்தின் கனமே மாறிவிடும் வேறுபாடு இது.

ஆகவே மண் வகை தெரியாமல் வாய்பாட்டைத் தொடாதீர்கள். துளைக்குப் பக்கத்திலேயே மாதிரி எடுத்து நீர்ம எல்லையும் (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈரம்) நெகிழ் எல்லையும் (உருட்டினால் உடையத் தொடங்கும் ஈரம்) பாருங்கள். அறிக்கையில் சி.பி.ஆர்.-ஐ மட்டும் எழுதாமல் மி.மீ. கணக்கில் மூல ஊடுருவலையும், பயன்படுத்திய வாய்பாட்டையும் சேர்த்து எழுதுங்கள். நாளை வேறொருவர் திருத்த வேண்டியிருந்தால் அவருக்கு வேண்டியது அந்த மூல எண்தான். பெரிய வேலையாக இருந்தால், அதே மண்ணில் சில புள்ளிகளில் டி.சி.பி.யும் சி.பி.ஆர்.-உம் இணையாகச் செய்து அந்த இடத்துக்கே உரிய உறவைக் கண்டறிவது எந்தப் பொது வாய்பாட்டையும்விட நம்பகமானது.

அறிகுறி: களத்தில் கூடுதல், ஆய்வகத்தில் ஊறவைத்தபின் குறைவு

அதிகம் சண்டை வருவது இங்கேதான். களப்பொறியாளர் 18 என்பார், ஆய்வகம் 5 என்று அனுப்பும். பெரும்பாலும் இருவருமே சரி. களத்தில் அளந்தது அன்றைய ஈரத்தில் மண்ணின் வலிமை; ஆய்வகத்தில் அளந்தது நான்கு நாள் தண்ணீரில் ஊறிய பிறகான வலிமை. முழுதாக நிறைவுறாத மண்ணில் துகள்களுக்கிடையே உள்ள நீர் அவற்றை உள்ளிழுத்துப் பிடிக்கிறது. நீர் நிறைந்ததும் அந்த இழுவிசை மறைகிறது. நுண்துகள் கூடிய மண்ணில் இந்த வீழ்ச்சி மிகக் கடுமை. சுத்தமான மணலில் ஏறக்குறைய இல்லை. கரிசல் போன்ற விரியும் களிமண் வறண்ட பருவத்தில் கல்லாக நிற்கும். அந்த எண்ணை நம்பிச் சாலைத்தளத்தின் கனத்தைக் குறைத்தவர்களுக்கு முதல் மழைக்காலமே பதில் சொல்லிவிடும்.

எனவே ஈரப்பதம் எழுதாத டி.சி.பி. பதிவைப் பாதிப் பதிவாகவே நான் கருதுகிறேன். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில், அடுக்குவாரியாக மாதிரி எடுத்து, மூடிய டப்பாவில் வைத்து, 105 முதல் 110 பாகை செல்சியஸில் உலர்த்திப் பாருங்கள். ஜிப்சம் கலந்த மண்ணென்றால் அந்த வெப்பத்தில் படிக நீரும் வெளியேறி ஈரம் பொய்யாகக் கூடும். 60 பாகை போதும்.

கால்சியம் கார்பைடு ஈரமானியில் ஒரு பொறி இருக்கிறது. அதன் டயல் காட்டுவது ஈரமண் எடையின் சதவீதம். நமக்கு வேண்டியது உலர்மண் எடையின் சதவீதம். டயல் எண்ணை, நூறிலிருந்து அதைக் கழித்த மீதியால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். டயல் 20 என்றால் உண்மை 25. களத்தில் ஈரம் குறைவாகத்தானே இருக்கிறது என்று நினைத்து எடுத்த முடிவுகள் சில இந்த ஐந்து சதவீத இடைவெளியில் தவறியிருக்கும். களிமண் கட்டிகளை உள்ளே உருக்குக் குண்டுகள் போட்டு நன்றாக உடைக்காவிட்டால் டயல் இன்னும் குறைத்தே காட்டும்.

சண்டையைத் தீர்க்க இப்படிச் செய்யுங்கள். களத்து மண்ணைக் களத்தில் அளந்த அடர்த்திக்கே ஆய்வகத்தில் இறுக்கி, களத்து ஈரத்தில் ஒரு சி.பி.ஆர்.-உம் ஊறவைத்து ஒன்றும் எடுங்கள். களத்து ஈரத்தில் எடுத்த ஆய்வக எண் டி.சி.பி. சொன்னதோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் கருவியும் வாய்பாடும் சரி. இடைவெளி முழுவதும் நீர் செய்த வேலை. ஒத்துப்போகவில்லை என்றால் மேலே சொன்ன கருவி, கை, வாய்பாடு ஆகிய மூன்றுக்கும் திரும்புங்கள்.

பிறகு வரும் கேள்வி, வடிவமைப்புக்கு எதை எடுப்பது? சாலையின் ஆயுளில் அடிமண் எந்த அளவு ஈரத்துக்குப் போகும் என்பதே தீர்மானிக்கும். வடிகால் இல்லாத தாழ்ந்த இடம், பாசன வயலின் ஓரம், மேலே வந்து நிற்கும் நிலத்தடி நீர், இங்கெல்லாம் ஊறிய எண்ணைத் தவிர வேறொன்றை எடுக்கத் துணிய மாட்டேன். நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்து, மேற்பரப்பு முழுவதும் நீர்புகாமல் மூடப்பட்டு, மழையும் குறைவான பகுதியென்றால் மூடிய தளத்தின் அடியில் ஈரம் ஒரு சமநிலைக்கு வந்து நிற்கிறது; அங்கே முழுதாக ஊறவைத்த எண் தேவைக்கு மீறிய கடுமை. பழைய சாலை பக்கத்தில் இருந்தால் அதன் தளத்தை வெட்டி அடிமண் ஈரத்தை அளந்துவிடுங்கள். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று எடுங்கள், ஏனென்றால் ஓரத்து மண் நடுவைவிட அதிகம் நனைந்து காய்கிறது.

இதற்கு எதிரான அறிகுறியும் உண்டு: கிராவலில் ஆய்வக எண் கூடுதலாகவும் கள எண் குறைவாகவும் வரும். 150 மி.மீ. உருக்கு அச்சு பக்கவாட்டில் இறுக்கிப் பிடிப்பது ஒரு காரணம். பெரிய கற்களைச் சலித்து நீக்கிவிட்டுச் சோதித்தது மற்றொன்று. அச்சுக்குள் போனது களத்தில் கிடக்கும் பொருளே அல்ல.

அறிகுறி: களச் சி.பி.ஆர். வளைகோடு தொடக்கத்தில் குழிந்து எழுகிறது

உந்துதண்டு மண்ணில் முழுதாக அமரவில்லை, அல்லது பரப்பு சமமாக இல்லை. வளைகோட்டின் மிகச் செங்குத்தான பகுதிக்குத் தொடுகோடு வரைந்து, அது ஊடுருவல் அச்சை வெட்டும் புள்ளியைப் புதிய சுழியமாகக் கொள்ளுங்கள். அந்தப் புள்ளி 0.6 மி.மீ.இல் விழுந்தால், 2.5 மி.மீ.க்கான சுமையை 3.1 மி.மீ.இல் படிக்க வேண்டும். திருத்தாமல் படித்த சுமை 82 கிலோவாகவும் திருத்தியது 110 கிலோவாகவும் இருந்தால், திட்டச் சுமையான 1370 கிலோவோடு ஒப்பிட 6-க்குப் பதில் 8 வரும். திருத்தம் 1 மி.மீ.க்கும் மேலே போகிறதென்றால் திருத்தாதீர்கள். பரப்பைச் சீவிச் சமன்செய்து புதிதாகச் செய்யுங்கள்.

5 மி.மீ.க்கான எண், அதாவது 2055 கிலோவோடு ஒப்பிட்டு வந்தது, 2.5 மி.மீ.க்கானதைவிடக் கூடுதலாக இருந்தால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மறுபடியும் அப்படியே வந்தால் 5 மி.மீ. எண்ணையே எடுக்கலாம்.

சுமை ஏறிக்கொண்டே வந்து திடீரென விழுந்தால் லாரியைப் பாருங்கள். எதிர்விசைக்கு நிறுத்திய லாரியின் வில்தட்டுகள் நெகிழ்ந்து எழும்பும்போது ஜாக்கின் வேகம் சீராக இருக்காது. சட்டகத்துக்கு அடியில் தாங்கு கட்டைகள் வைத்து லாரியை அசையாமல் நிறுத்துங்கள். ஊடுருவல் நிமிடத்துக்கு 1.25 மி.மீ. என்ற வேகத்தில் இருக்க வேண்டும். கையால் இயக்கும் ஜாக்கில் இதற்குப் பயிற்சி வேண்டும். சுமை திடீரென உயர்ந்தால் தண்டின் கீழே கல் சிக்கியிருக்கலாம். 20 மி.மீ.க்கு மேற்பட்ட கற்கள் நிறைந்த மண்ணில் 50 மி.மீ. தண்டு கொண்டு செய்யும் இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை.

அறிகுறி: தட்டுச் சுமைச் சோதனையில் டயல் நிற்காமல் நகர்கிறது

சுமை மாறாதபோதும் டயல் மெல்ல ஊர்ந்தால், மண் அமிழ்கிறதா, டயலைத் தாங்கும் விட்டம் (உத்தரம்) நகர்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். விட்டத்தின் கால்கள் தட்டின் விளிம்பிலிருந்தும் லாரிச் சக்கரத்திலிருந்தும் குறைந்தது 2.4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் ஊன்றினால் தட்டோடு சேர்ந்து கால்களும் இறங்கும், அமிழ்வு குறைந்து தெரியும். வெயில் ஏறும்போது உருக்கு விட்டம் வளைவதால் டயல் நகரும். குடை போட்டு நிழல் கொடுத்தால் நின்றுவிடுவதைப் பார்க்கலாம்.

மூன்று டயல்களும் மூன்று விதமாகச் சொன்னால் தட்டு சாய்கிறது. மெல்லிய மணல் பரப்பியோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசியோ தட்டை மறுபடி அமர்த்துங்கள். 750 மி.மீ. தட்டு தனியாக இருந்தால் நடுவில் வளையும். மேலே சிறிய தட்டுகளைப் படிப்படியாக அடுக்கியே சுமை ஏற்ற வேண்டும்.

அறிகுறி: எல்.டபிள்யூ.டி.யில் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் வேறு அமிழ்வு

முதல் மூன்று வீழ்ச்சிகள் தட்டை அமர்த்த, அடுத்த மூன்று அளக்க. அளக்கும் வீழ்ச்சிகளிலும் அமிழ்வு குறைந்துகொண்டே போனால் மண் இன்னும் இறுகுகிறது: ரோலர் வேலை முடியவில்லை. கூடிக்கொண்டே போனால் தட்டு வழுக்குகிறது அல்லது மண் நொறுங்கிப் பிதுங்குகிறது. தட்டைச் சுற்றிப் பரப்பு எழும்பித் தாழ்ந்து ஈரம் கசிந்தால் அது நிறைவுற்ற வண்டல். அடிக்கிற வேகத்தில் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் உள்ளேயே கூடுகிறது. அங்கே மேலும் அடித்தால் மண் இன்னும் குழையும். ரோலரையும் நிறுத்தச் சொல்லுங்கள். நீரை வடியவிட்டு, காயவிட்டு, பிறகு அளக்கலாம். 300 மி.மீ. தட்டு பார்ப்பது ஏறக்குறைய அதே அளவு அல்லது ஒன்றரை மடங்கு ஆழம்வரைதான் என்பதால், அதற்குக் கீழே உள்ள பலவீனத்தை இதில் தேடாதீர்கள்.

அறிகுறி: ஒரே நீளத்தில் 4-உம் 20-உம் கலந்து வருகின்றன

கருவி, கை, நீர், வாய்பாடு நான்கையும் பார்த்தாகிவிட்டது, சிதறல் அப்படியே இருக்கிறது. இப்போது மண் மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எண்களைத் தொலைவு வரிசையில் வரையுங்கள். குறைந்த எண்கள் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தால் அது தனிப் பகுதி: பழைய குளம், நிரப்பிய பள்ளம், ஓடை குறுக்கிடும் இடம் என்று ஏதோ ஒன்று. அந்தப் பகுதியைப் பிரித்துத் தனி வடிவமைப்பு செய்யுங்கள். மொத்தமாகச் சராசரி எடுத்தால் நல்ல பகுதியில் காசு வீணாகும், கெட்ட பகுதியில் சாலை உடையும்.

பிரித்த பிறகும் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் சிறு சிதறல் இருக்கும். அதற்குள்ளும் சராசரியைத் தொடாமல், அளந்தவற்றில் 90 சதவீதம் எந்த எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறதோ அதை எடுப்பது போக்குவரத்து மிகுந்த சாலைக்கு ஏற்றது. குறைந்த போக்குவரத்துக்கு 80 சதவீதம் போதும். புள்ளிகள் மிகக் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. கூடுதல் துளைகள் போடுங்கள்.

குறைந்த எண் ஒரே ஒரு புள்ளியில் தனியாக நின்றால், அதன் இருபுறமும் சில மீட்டர் தள்ளிக் குத்துங்கள். அவையும் குறைந்தால் பலவீனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லை கிடைக்கும்வரை தள்ளிப் போய்க்கொண்டே இருங்கள். அவை கூடினால் அந்தப் புள்ளியிலேயே ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, சுவரில் அடுக்குகளைப் பார்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஈரத்துக்கும் நெகிழ்வு எல்லைகளுக்கும் மாதிரி எடுத்து, என்ன கண்டீர்கள் என்பதை அந்த எண்ணுக்கு நேரே எழுதிவிடுங்கள்.